மீதி நாற்பது

நாட்டரசன்கோட்டை. தை பிறந்து முதல் செவ்வாய்.
கண்ணாத்தாள் சந்நிதியில் வெள்ளிக் குடம்,
உள்ளே புள்ளிக்கு ஒரு சீட்டு.
முதலில் வரும் பெயருக்கு முதல் பானை.
எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவதில்லை.

திரும்பப் போடாத எந்த ஆட்டத்தையும் எண்ணலாம்.
கொழும்பில் வருஷத்துக்கு நூறு நாள்
எனக்கு அதுதான் வேலை.

இரண்டு முதல் ஆறு வரை எது போனாலும் ஒன்று கூட்டு.
பத்து, படம், ஆஸ் போனால் ஒன்று கழி.
ஏழும் எட்டும் ஒன்பதும்
பந்தியில் உட்காராமல் போகிற விருந்தாளிகள், விட்டுவிடு.
வந்ததை மீதிக் கட்டுகளால் வகு.
எண் ஏறினால்
பெட்டிக்குள் பெரிய சீட்டுகள் மிச்சம்.
அப்போதும் நமக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஒன்று,
சில நேரம் முக்கால்.
சிரிக்காதீர்கள்.
இந்தத் தெருவின் வளவுகளைப் பாருங்கள்,
எல்லாம் சின்ன வட்டியில் எழும்பியவை.

நான் பெரிதாகக் கட்டுவதில்லை.
மைசூர் சில்க், வைரத் தோடு,
கைப்பையில் சீப்புச் சீடைப் பொட்டலம்,
புருஷனுக்குக் காத்திருந்து அலுத்துப்போன ஆச்சி.
காமிரா என்னைத் தாண்டிப் போகும்.
சீட்டுப் போடும் நிஷாந்தி, ‘ஆன்ட்டி, டீ?’ என்பாள்.
எண் நாலைத் தொட்டதும்
இடது தோட்டின் திருகைத் திருகுவேன்.
மூன்று மேசை தள்ளி
விஸ்கி என்று நன்னாரி குடித்துக்கொண்டிருக்கும் சாத்தப்பன்
தள்ளாடி எழுந்து வருவார்,
கட்டுக் கட்டாக வைப்பார்.

போன ஆவணியில்
பதினோரு நாளில் இருபத்திரண்டு லட்சம் போயிற்று.
எண் சரி. ஆட்டம் சரி.
ஓட்டல் கட்டிலில் தாள்களைப் பரப்பி
விடியும்வரை பிழையைத் தேடினோம்.
பிழை கிடைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இரண்டு இடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள்.
தோளில் கை வைத்து, மரியாதையாக:
‘சார் இனிமேல் ரூலெட் மட்டும் ஆடலாம்.’
என்னிடம் குனிந்து:
‘மேடம், சாருக்கு டாக்ஸி சொல்லவா?’

இங்கேயும் அப்படித்தான்.
கல்யாணமான ஆண் ஒரு புள்ளி.
நான் அந்தப் புள்ளிக்குள் எங்கோ.
குடத்தில் சிகப்பி என்று எழுதிய சீட்டு கிடையாது.
வருத்தமா என்று சின்ன நாத்தனார் ஒருமுறை கேட்டாள்.
என்னை எண்ணியிருந்தால்
எனக்கு எண்ண நேரம் இருந்திருக்காது என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அது பாதி பொய்.

பையன் எடுக்கிறான், பெரியவர் படிக்கிறார்.
பெத்தபெருமாள். சேவுகன். இன்னொரு சேவுகன்.
எண்ணூற்றுச் சொச்சத்தில் ஒன்றாக இருந்தது
ஐந்நூறில் ஒன்றாயிற்று, நூறில் ஒன்றாயிற்று.
முதல் பானை எப்போதோ பொங்கி வழிந்தாயிற்று.
இனி ஜெயிக்க ஒன்றுமில்லை.
எண்ணுவதை நிறுத்தவும் தெரியவில்லை.

மீதி நாற்பது.
எங்கள் சீட்டு இன்னும் உள்ளேதான்.
என் கை தோட்டுக்குப் போயிற்று,
நான் போகச் சொல்லவில்லை.
அந்தப் பக்கம், ஆண்கள் கூட்டத்தில்
சாத்தப்பன் எழுந்துவிட்டார்,
வேட்டியை இழுத்துவிட்டபடி
லேசாகத் தள்ளாடி.

பெரியவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்:
‘என்ன அப்பச்சி, ஏதும் சொல்லணுமா?’

ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.
பையன் குடத்துக்குள் கை விட்டான்.

‘வெள். சுப. ஆவிச்சி.’

சாத்தப்பன் உட்கார்ந்தார்.
புகையைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

முப்பத்தொன்பது.