பயிற்சிச் சுவர்

புதூர் தொழிற்பயிற்சிக் கூடத்தில்
சிமெண்ட் கிடையாது, களிமண் கலவைதான்.
நாலு மணிக்குப் பிரித்துவிட வேண்டுமே,
அதே செங்கல்தான் நாளைக்கும்.

முப்பத்தொரு நாளில் ஒச்சம்மாள்
ஒரே மூலையை இருபது தடவை கட்டினாள்.
யாரும் குடிபோகாத வீட்டின் மூலை.

விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.
பதினாலு வருஷம் சட்டி சுமந்தது
கணக்கில் சேராதாம்.

திங்கட்கிழமை, ஒத்தக்கடை சைட்.
கருத்தபாண்டிக் கொத்தனார்
சும்மாட்டைக் கண்ணால் காட்டினார்.
அவள் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து
அவர் எழுப்பிய சுவரில் விட்டாள்.

ஆடியது.
நின்றது.
கீழே அரை விரல் இடைவெளி.

சாந்து இறுகிக்கொண்டிருந்தது.
யாரும் வாய் திறக்கவில்லை.

"பிரிச்சிருவமாண்ணே?" என்றாள்,
நாலு மணிப் பழக்கத்தில்.