தாமதமானவை: 143

குந்தார்ஸ் போய்விட்டான். ஓஸ்லோவில் வேறு வேலை.
மேசை இழுப்பறையில் ஒற்றைக் கையுறை,
பிரித்துப் பாதி தின்ற மிட்டாய்ப் பொட்டலம்.
மற்றதெல்லாம் மென்பொருளில்.
திங்கள் காலை எட்டு ஐந்துக்கு
மேலாளர் ஒரு பொத்தானை அமுக்கினார்,
அவன் கொடுத்த வாக்கெல்லாம்
என் பெயருக்கு மாறியது.

நூற்று நாற்பத்து மூன்று.
எல்லாம் சிவப்பு.
அலறும் சிவப்பு இல்லை.
வலது ஓரத்தில், பொடி எழுத்தில்,
முப்பத்தொன்பது நாள் தாமதம் என்று
குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் சிவப்பு.

நாங்கள் விற்பது அடுமனை அடுப்புகள்.
கல் தளம், நாலு அடுக்கு,
கதவைத் திறந்தால் புருவம் பொசுங்கும்.
ஓர் அடுப்பு வாங்க ஒருவர்
இரண்டு வருடம் யோசிப்பார்.
அந்த இரண்டு வருடத்தைப்
பதினான்கு பதினான்கு நாளாய் நறுக்கி
மணி கட்டி வைப்பதுதான் என் தொழில்.

ஜன்னலுக்கு வெளியே லியபாயாவின் காற்று
டிராம் கம்பியைப் பிடித்து உலுக்குகிறது.
நான் படித்துக்கொண்டு போகிறேன்:
கூப்பிடு.
மறுபடி கூப்பிடு.
மருமகன் எடுத்தால் வைத்துவிடு.
ஜூலையில் வரச் சொன்னார்
(எந்த வருடத்து ஜூலை, குந்தார்ஸ்?)
பிறகு, எந்தப் பெயரோடும் ஒட்டாமல், தனியாக:
முட்டி. கேட்க மறக்காதே.

அப்புறம் இது.
வெல்டா ஸ்த்ராஸ்தினா, ஐஸ்புதே.
வியாழன்தோறும் பத்து மணி. விலை பேசாதே.
முடிவுத் தேதி: இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு அழைப்பு,
நூற்றுப் பன்னிரண்டு முறையும் ஒரே முடிவு:
ஆர்வமில்லை.
அழித்துவிடு, என்றார் மேலாளர்,
ஓட்டைக் குடத்தில் எத்தனை நாள் தண்ணீர் மொள்வது?

அழிக்கத்தான் இருந்தேன்.
வியாழன் பத்துக்கு மணி அடித்துவிட்டது.

முதல் மணியிலேயே எடுத்தாள்.
"நீ குந்தார்ஸ் இல்லை."
"இல்லை. ரஸ்மா."
"ஆறு வியாழன் யாரும் கூப்பிடவில்லை."
தட்டு வைக்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம்.
"என் சுவரில் சாக்கட்டியால் எழுதியிருக்கிறது,
வியாழன் பத்து, அடுப்புக்காரன், வேண்டாம் என்று சொல்.
விடிகாலை இரண்டிலிருந்து நிற்கிறேன், பெண்ணே.
போன் வந்தால் உட்காருவேன்.
சும்மா உட்கார எனக்குத் தெரியாது."

அவளிடமும் ஒரு நினைவூட்டல்.
என்னுடையதைப் போல அது சிவப்பாவதில்லை,
மாவு படிந்து மங்கும், அவ்வளவுதான்.

"இப்போது சொல்லட்டுமா?"
"சொல்லுங்கள்."
"வேண்டாம்."
சொல்லிவிட்டு வைக்கவில்லை.
கம்பு மாவு விலை ஏறியதைச் சொன்னாள்.
பழைய அடுப்பு இடது பக்கம் கருக்குகிறதாம்,
பாதி வேக்காட்டில் ஒவ்வொரு ரொட்டியையும்
கையால் திருப்பி வைக்கிறாளாம்.
என் நாக்கின் நுனியில்
நாலு அடுக்கும், சீரான வெப்பமும், தவணை வட்டியும்
வரிசையில் நின்றன.
விலை பேசாதே.
நான் பேசவில்லை.

பதினோரு நிமிடம்.
பணியை மூடப் போனால்
முடிவைத் தேர்வு செய், என்கிறது திரை.
வெற்றி. தோல்வி. பதில் இல்லை. ஆர்வமில்லை.
ஒருத்தி உட்கார்ந்தாள் என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.
நூற்றுப் பதின்மூன்றாவது முறையாக
ஆர்வமில்லை என்பதை அமுக்கினேன்.
குந்தார்ஸ் பொய் சொன்னதாக நினைத்திருந்தேன்,
பாவம்.
அடுத்த நடவடிக்கை? வியாழன், பத்து.
குறிப்பு: இடது பக்கம் கருகுகிறது.

மிச்சம் நூற்று நாற்பத்து இரண்டு.

வெள்ளிக்கிழமை மேலிருந்து ஆரம்பித்தேன்.
வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி,
அடுப்பை எடுப்பதற்கு முன்னால்
முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
முதல் ஆள் தவறான எண் என்றார்.
இரண்டாவது ஆள் சிரித்தார்.
மூன்றாவது ஆள்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:
"எதைக் கேட்கிறாய்,
இடதா, வலதா?"