பல் ராவிய கத்தி

எடைக்கற்களுக்கு முத்திரை அடிப்பது என் உத்தியோகம்.
ஆண்டு, காலாண்டு, என் எண்.
இரும்பு எதைக் கண்டாலும்
புரட்டி அடியைப் பார்க்கிற கை;
கல்யாண வீட்டில் ஒருமுறை குத்துவிளக்கைப் புரட்டி
மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அப்படித்தான் சேர்ந்தன
ஜெர்மன் துப்பாக்கிமுனைக் கத்திகள், பதினொன்று.
ராமநாதபுரம் வாடகை வீட்டில்
மனைவியின் பட்டுப்புடவைகளுக்குக் கீழே.
ஜன்னலைத் திறந்தால் கடல் வந்து நக்கும்.
ஆகவே எண்ணெய், துணி, மறுபடி எண்ணெய்.
வீடே தையல் மிஷின் போல மணக்கிறது என்கிறாள்.

அலகின் முதுகில், பிடியை ஒட்டி ஒரு கிரீடம்.
கிரீடத்துக்குக் கீழ் மன்னனின் முதலெழுத்து.
அதற்கும் கீழே இரண்டு இலக்கத்தில் ஆண்டு.
இதை வாசிக்க ஜெர்மன் தேவைப்படவில்லை:
எங்கோ ஒருவன் என்னைப் போலச்
சம்பளத்துக்குச் சுத்தியல் ஓங்கியிருக்கிறான்.
நடுவே ஓடும் பள்ளத்தை ரத்த ஓடை என்பார்கள்.
இல்லை. எடை குறைக்க.
எடையைப் பற்றி நான் சொல்லலாம்.

முதுகெல்லாம் ரம்பப் பல் வைத்த ஒன்றை
இரண்டு மாதச் சம்பளத்துக்கு வாங்கினேன்.
கீழக்கரை சீனி நைனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நகத்தால் வருடிப் பார்த்தார்.
"கத்திக்கு வயசு நூறு. பல்லுக்குப் பத்து.
கெழவனுக்குப் பல்செட்டு மாட்டியிருக்கான் சார்.
வித்தவன் எம்டன்."

உச்சிப்புளித் தேங்காய்க் களத்துக்கு
தராசு சோதிக்கப் போனேன்.
நம்புச்செல்வி மட்டை உரித்துக்கொண்டிருந்தாள்,
குத்து, திருகு, குத்து, திருகு,
சிமென்டில் நட்ட இரும்பில்.
நுனிக்குப் போகப் போக அகன்று
சட்டென்று கூராகும் அலகு.
தராசு மறந்துபோயிற்று.

புதுக் கடப்பாரை, மேலே ஐந்நூறு ரூபாய்.
"வியாழக்கிழமை லோடு. அதுக்குள்ள முடிங்க" என்றாள்.
யார் கொண்டுவந்தது என்றேன்.
கப்பல் உடைந்து ஒதுங்கியது,
பஸ்ரா சண்டைக்குப் போனவர் இடுப்பில் வந்தது,
சந்தையில் எட்டணா:
மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

சிமென்டை உடைத்தோம்.
மரப்பிடி மண்ணாகியிருந்தது.
காற்றில் நின்ற பாதி கறுத்துக் கிடக்க
உள்ளே இருந்த சாண் நீளம் மட்டும் நேற்று அடித்ததுபோல.
கிரீடம். எழுத்து. பதினாறு.
முதுகு ஒரு நூல் இறங்கியிருந்தது,
ரம்பம் இருந்த தூரத்துக்கு மட்டும்.

தேங்காய் தேய்த்ததல்ல. அரம் தின்றது.
அந்தப் பல் மரம் அறுக்கத்தான்.
ஆனால் பல் வைத்த கத்தியோடு பிடிபட்டால்
எதிரி உயிரோடு விடமாட்டான் என்று
பதுங்குகுழிகளில் பேச்சு பரவ,
படையே திருப்பி வாங்கி ராவிக் கொடுத்தது.
படித்ததுதான்.
பயம் ஒரு நூல் கனம் என்று
அன்றுதான் அளந்தேன்.

தராசு பழுதுபார்க்க மண்டபம் முகாமிலிருந்து வருகிற
அமிர்தநாதனிடம் காட்டினேன்.
"சனியன்" என்றார்.
யாரைத் திட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.
"எங்கட ஊரில இதுக்கு அதுதான் பேர்.
துவக்குச் சனியன்."
கிரீடத்தைக் காட்டினேன், ஆண்டைக் காட்டினேன்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.
பிறகு தராசுக்கே போய்விட்டார்.
அன்று முள் நடுவில் நிற்க
வெகுநேரமாயிற்று.

புதன் இரவு போன்.
"உங்க கடப்பாரை வழுக்குது சார்.
ஒரு காய்க்கு நாலு குத்து.
எங்க இரும்பைக் கொண்டாங்க."

விடியுமுன் கொத்தனாரோடு போய் நட்டேன்.
முத்திரை வெளியே தெரியட்டும் என்றேன்.
"தெரிஞ்சா உப்பு தின்னும்" என்றாள், "மூடுப்பா."
கிரீடத்தின் மேல் கரண்டி ஓடியது.
எத்தனை பொட்டலம் எண்ணெய்
இப்படி மிச்சமாகியிருக்கும் என்று நின்றேன்.

பதிவேட்டில் பன்னிரண்டாவதாக எழுதிக்கொண்டேன்.
ஆண்டு பதினாறு. பல் நீக்கப்பட்டது.
இருப்பிடம் உச்சிப்புளி.
நிலை என்ற கட்டத்தில்: வேலையில்.

ஐந்நூறை நான் கேட்கவில்லை.
அவளும் தரவில்லை.