பத்தே முக்காலிலிருந்து மூன்று வரை

காலை நெரிசலை ஓட்டி முடித்து
பேருந்தைப் பணிமனையில் விட்டால்
மாலை நெரிசல் வரை நான் யாருக்கும் தேவையில்லை.
சீருடைச் சட்டையை மடித்துத்
தூண்டில் பைக்குள் வைக்கிறேன்,
பெயர்வில்லை உட்பக்கமாக.

சிலேத்தார் நீர்த்தேக்கத்தில்
மீன்பிடிக்க விட்ட இடம் இவ்வளவுதான்:
ஒரு மரமேடை, இரண்டு தூங்குமூஞ்சி மரம்,
ஒரு குப்பைத்தொட்டி, ஓர் அறிவிப்புப் பலகை.
நான்கு மொழியிலும் ஒரே தடை.
தமிழில் மட்டும் மீனுக்குப் புள்ளி உதிர்ந்து
"மீன" என்று நிற்கிறது,
கண்ணைப் பிடுங்கின மாதிரி.

உயிருள்ள இரை கூடாது.
ஆகவே என் டப்பாவில்
ஒரு ரப்பர் தவளை,
ஈய வயிறு வைத்த குஞ்சுமீன்,
வாலில் விசிறி சுழலும் இன்னொன்று.
எதுவும் தானாகத் துள்ளாது.
துள்ளலை என் மணிக்கட்டுதான் தரவேண்டும்.

இங்கே யாரும் யாரையும்
என்ன வேலை என்று கேட்பதில்லை.
என்ன கிடைத்தது என்று கேட்போம்.
"கொசோங்," என்பார் ரொஸ்லான்,
ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல்.
கியாட் ஹெங்குக்கு ஒரு கண் மிதவையில்,
ஒரு கண் கைப்பேசியில்;
யாருக்காவது கோழிச்சோறு வேண்டுமென்றால்
நரம்பைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளுக்கு ஓடுவான்.

நேற்று, பன்னிரண்டரை இருக்கும்.
மழையே இல்லை,
ஆனாலும் தண்ணீரில் பாயகலத்துக்குத் தூறியது.
செக்கச்சிவந்த பொடிக்குஞ்சுகள்
மூச்செடுக்க மேலே வந்துவந்து போயின.
"தோமான்," என்றான் கியாட் ஹெங், குரலைத் தாழ்த்தி.
"கீழே தாய் இருக்கும். இல்லை, தகப்பன்.
குஞ்சுக்கு மேலே வீசுங்க அங்கிள், கட்டாயம் அடிக்கும்."

வீசினேன்.
முதல் வீச்சு தள்ளி விழுந்தது.
இரண்டாவதுக்குத் தண்ணீர் ஒருமுறை வீங்கி அடங்கியது.
மூன்றாவது,
தவளை நடுவில் விழுந்ததும்
ஏரி என் முழங்கை வரை வந்து இழுத்தது.

கரையில் கிடந்தது கை நீளத்துக்கு,
நீலமும் கறுப்புமாக.
தவளை தொண்டையில் இல்லை, உதட்டு ஓரத்தில்.
பசித்தது விழுங்கும்.
இது விழுங்க வரவில்லை,
கவ்வி அப்பால் எறிய வந்திருக்கிறது.

"தூக்கிப் பிடிங்க, இன்னும் கொஞ்சம், சிரிங்க."
சிரித்தேன்.
முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஒருதரம் அறைந்தது.
பிறகு இரண்டுதரம் சேர்ந்தாற்போல.
ரொஸ்லான் மீனைப் பார்க்கவேயில்லை.
ஏரியைப் பார்த்துக்கொண்டே
"மாக்கான்," என்றார்.
எது, எதை என்று சொல்லவில்லை.
பீக்காக் பாஸ் மூன்றோ நாலோ இருந்திருக்கும்.

எடை பார்க்கவில்லை.
இடுக்கி இரண்டு முறை வழுக்கியது, என் கைதான்.
விட்டேன்.
ஆழத்துக்குப் போகும் என்று நினைத்தேன்;
கரையோரமாகவே, முதுகு தெரியத் தெரிய
தூறிய இடத்துக்குப் போய்
நின்றது.
அங்கே தண்ணீர் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது.

அப்புறம் யாரும் வீசவில்லை,
கொஞ்ச நேரம்.
பிறகு கியாட் ஹெங் வீசினான்.
தப்பு சொல்ல நான் யார்.

மூன்று மணிக்குச் சட்டையை மாட்டினேன்.
சோப்புப் போட்டும் விரலில் பாசி வாடை.
யீஷூனில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள்,
அட்டை தட்டும் சத்தம் நிற்கவேயில்லை.
கடைசி நிறுத்தத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு
அவன் அனுப்பிய படத்தைத் திறந்தேன்.
நான். என் பல்வரிசை. மீன்.
என் இடது காதுக்குப் பின்னால், தூரத்தில்,
வெள்ளையாக ஒரு தெறிப்பு.

இரண்டு விரலால் பெரிதாக்கினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்க
அது கட்டம் கட்டமாக உடைந்து
வெறும் வெள்ளையானது.
அடுத்த நடைக்கு நான்கு நிமிடம் இருந்தது.