அரை லிட்டர்

ஆணி அடிக்கக் கூடாது என்றார்
வீட்டுக்காரம்மா, சாவி தரும்போதே.
சரி என்றோம்.
அடித்து மாட்ட எங்களிடமும் எதுவுமில்லை.

மூன்று மாதம் துணியெல்லாம் உரச்சாக்கில்.
வேதையனுக்கு நெல் கொள்முதல் நிலையத்தில்
மூட்டை தைக்கிற வேலை,
கைப்பழக்கத்தில் நம்பர் போட்டுவைத்தார்:
சேலைச் சாக்கு ஒன்று,
பாப்பா துணி இரண்டு.
அவசரத்துக்கு என் கை
மூன்றுக்குள்தான் போகும்.
மூன்றில் போர்வை.

திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம்
பழைய சாமான் கடை வாசலில்
குப்புறக் கிடந்தது பீரோ.
தூக்கி நிறுத்தினால்
முழங்கால் உயரத்தில் ஒரு கோடு.
மேலே பச்சை, கீழே துரு.
எந்த வருஷத்து வெள்ளம் இது?
"தண்ணி வந்த வருஷத்தையெல்லாம்
எழுதியா வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

ஆயிரத்து எண்ணூறு சொன்னார்.
ஆயிரத்து ஐந்நூறு கேட்டேன்.
கால் ஆடுகிற நாற்காலி இரண்டைச் சேர்த்துக்கொடுத்தார்,
விலையை மட்டும் ஆட்டவில்லை.
குட்டியானைக்கு முந்நூறு.

கதவில் எழுத்து இருந்தது:
ராஜமாணிக்கம் – சௌந்தரவல்லி
திருமண அன்பளிப்பு
12.6.83
ஜூன் பன்னிரண்டு!
மேட்டூர் திறக்கிற தேதியில்
கல்யாணம் வைத்திருக்கிறார்கள்.
அந்த வருஷம் திறந்தார்களோ என்னவோ.
அடியில், தண்ணீர்க் கோட்டுக்குள்,
கொடுத்தவர் பெயர் போய்
'இப்படிக்கு' மட்டும் நின்றது.

எண்பதாம் நம்பர் உப்புத்தாள் நாலு.
கொல்லையில் வைத்துத் தேய்த்தேன்.
பச்சைக்கு அடியில் சாம்பல்,
சாம்பலுக்கு அடியில் இன்னொரு பச்சை.
இரண்டு நாள் மூக்கைச் சிந்தினாலும் பச்சை.
ராஜமாணிக்கம் சீக்கிரம் போய்விட்டார்.
சௌந்தரவல்லி போகவில்லை.
எழுதினவன் அந்த 'ல்லி'யில்
தூரிகையைக் கொஞ்சம் கூட அழுத்தியிருக்கிறான்.

ரெட் ஆக்சைடு கால் லிட்டர், தொண்ணூறு ரூபாய்.
அடித்து முடித்ததும்
பழைய கூட்ஸ் வண்டிப் பெட்டி மாதிரி நின்றது.
இப்படியே விட்டுடலாமே என்றார் வேதையன்.
அவருக்கு எதுவும்
பாதியிலேயே பிடித்துப்போகும்.

எனாமல் அரை லிட்டர், மயில்கழுத்து நிறம்.
பீரோ குடித்தது போக
டப்பாவில் கால்வாசி.
மூடி வைத்தால் ஆடை கட்டிவிடும்,
கொட்ட மனசு வராது.
நாற்காலி இரண்டு.
சிலிண்டர் ஸ்டாண்டு.
மாவு டப்பாவின் மூடி.
சைக்கிள் மட்கார்டு.
மீட்டர் பெட்டி.
வேதையனின் இடது செருப்பு
(அது கை தவறி).

ஐந்தாம் தேதி வாடகைக்கு வந்த வீட்டுக்காரம்மா
முதலில் சுவரைத்தான் பார்த்தார், நாலு பக்கமும்.
ஆணி இல்லை.
பிறகு மீட்டர் பெட்டியைப் பார்த்தார்.
நோட்டுகளை எண்ணி, இன்னொரு தடவை எண்ணி,
மறுபடி மீட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.
அது கோபமா என்று
இதுவரை தெரியவில்லை.

பகலில் பீரோ வழுவழுவென்று
யாருடையதும் இல்லாதது மாதிரி இருக்கும்.
நாலு மணிக்கு ஜன்னல் வழியாக
வெயில் சாய்ந்து விழும்போது
மயில்கழுத்துக்கு அடியிலிருந்து
மேடாக எழும்பும்
'வல்லி'.
பாப்பா விரல் வைத்து எழுத்துக் கூட்டுவாள்.
யாரும்மா?
பீரோ பேரு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உள்கதவுக் கண்ணாடியில்
ஒட்டிய பொட்டுகள் ஏழு இருந்தன.
தேங்காயெண்ணெய் தடவி
பிளேடால் சுரண்டினேன்.
ஆறு வந்தது.
ஏழாவதற்குள் அடுப்பில்
குழம்பு தீய்கிற வாசனை.

அது அங்கேயே இருக்கிறது.
உயரமான பொம்பளையாக இருந்திருப்பார்.
ராத்திரி என் பொட்டை எடுத்து
அதற்கு நாலு விரல் கீழே
ஒட்டுகிறேன்.