பதினோராம் எண் அறை

பதினெட்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவளுக்குக்
கை கழுவச் சொல்லித்தர ஒருத்தி.
நேத்ராவதி. ஹாசன் பக்கம். வயசு இருபத்தி நாலு.
அவள் தமிழில் ழகரம் கிடையாது.
"களுவுங்க அக்கா" என்றாள்.
கழுவினேன்.
"கட்டைவிரலை மறந்துட்டீங்க."

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பின்னால்
மூன்று மாடி, முப்பத்தெட்டுக் கட்டில்.
இங்கிருந்து யாரும் குணமாகிப் போவதில்லை.
அதை மட்டும் அவள் சொல்லவில்லை.
மற்றதெல்லாம் சொன்னாள்:
சிறுநீர்ப் பை தரையைத் தொடாமல் தொங்கவேண்டிய உயரம்,
வாளிக்கு எத்தனை மூடி பிளீச்சிங்,
சொறி வந்தால் யார் போர்வையை
யார் போர்வையோடு சேர்க்கக் கூடாது.

தியேட்டரில் நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார்.
இங்கே பத்மராஜ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு
மூணு மணி பஸ் போயிடுச்சா என்கிறார்.
போகலை என்றால்
மூக்கைத் துடைத்த கையால்
இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்.
இதுக்கு என்ன விதி என்று கேட்டேன்.
"பிடிக்க விடுங்க.
அப்புறம் களுவுங்க."

நாலாம் நாள் காலையில்
என்னிடம் சொல்லாமல்
கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியை
டீ வண்டியின் கைப்பிடியிலும்
மாடிப்படிக் கம்பியிலும் தடவி வைத்திருக்கிறாள்.
சாயந்திரம் ஏழு மணிக்கு
வராந்தா விளக்குகளை அணைத்துவிட்டு
ஒரு ஊதா டார்ச்சைக் கையில் கொடுத்தாள்.
"இப்ப தேடுங்க."

தேட வேண்டியிருக்கவில்லை.
கோப்பைகளின் காதில் ஒளிர்ந்தது.
சுலோசனாவின் மூக்குக்கண்ணாடியில்,
கேரம் ஸ்ட்ரைக்கரில்,
டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டும் பொத்தானில் மட்டும்,
வராந்தா முனை மாதாவின் பாதத்தில்,
ஒருவர் கழற்றி வைத்த பல்செட்டின் கிண்ணத்தில்.
அந்தக் கட்டிடமே ஒருத்தரை ஒருத்தர்
நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தது போல.

ஜெசிந்தாவின் கன்னத்தில்
வரிசையாக நாலு விரல்.
என் கையை வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது.
காலையில் இட்லியை முழுசாகச் சாப்பிட்டதற்குத் தட்டியது.
நேத்ராவதி பேரேட்டில்
என் பெயருக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டாள்.
"தட்டலாம். ஆனா கை சுத்தமா."

பதினோராம் எண் அறையில்
எதுவும் ஒளிரவில்லை.
கட்டில் கம்பி, ஸ்விட்ச், தண்ணீர்க் கூஜா, போர்வை ஓரம்,
டார்ச்சை எங்கே திருப்பினாலும் வெறும் ஊதா.
வாசலை ஒட்டிப் போட்ட முக்காலியின் விளிம்பில் மட்டும்
தட்டு வைத்த கையின் தீற்றல்.
அதோடு நின்றுவிட்டது.

வெங்கோபராவ்.
டெலிபோன் ஃபேக்டரியில் முப்பது வருஷம்.
தானே குளிப்பார், தானே சவரம் செய்துகொள்வார்,
மாத்திரையைத் தானே பிரிப்பார்.
தொந்தரவே இல்லாத மனுஷன் என்று
மூன்று ஷிஃப்டும் சொல்லும்.

"நூத்துக்கு நூறு" என்றாள் நேத்ராவதி.
எழுதப் போனாள்.
பேனா பேரேட்டின் மேலேயே நின்றது.

"கரெண்ட் போச்சா?" இருட்டுக்குள்ளிருந்து அவர்.
விழித்துத்தான் இருந்திருக்கிறார்.
இல்லை சார், சும்மா பார்க்கிறோம்.
"என்னத்தைப் பார்க்கிறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.
வாசல் குழாயில் கை கழுவினேன்.
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு,
கட்டைவிரல், இந்த முறை இரண்டும்.
பி.பி. பார்க்கவா சார் என்றேன்.
அட்டவணையில் அவருக்கு வியாழன்தான்.
அன்று செவ்வாய்.
அது அவருக்கும் தெரியும்.
சட்டைக் கையை மடித்து நீட்டிவிட்டார்.

பட்டையைச் சுற்றினேன்.
நாடி பார்க்க விரலை வைத்தேன்.
மெஷின் இருக்கும்போது அதற்குத் தேவையில்லை.

"கை ஈரமா இருக்கு" என்றார்.
இழுத்துக்கொள்ளவில்லை.

வாசலில் நேத்ராவதி
நான் துடைக்காமல் உள்ளே போனதற்கு
இன்னொரு சிவப்புக் கோடு போட்டாள்.
போட்டுவிட்டு,
விளக்கைப் போடாமல்
அங்கேயே நின்றாள்.