செவ்வாய்

வரவுப் பதிவேட்டில் சிவப்புப் பேனையால்
சின்னச் சின்னப் பூச்சியங்கள்.
கோபிதன், ஒன்பதாம் ஆண்டு, பி பிரிவு.
ஒரு தவணைக்குள் பதினொன்று.
பதினொன்றும் செவ்வாய்.
நான் அதை உடனே காணவில்லை.

"சோம்பேறி, மிஸ்" என்றார் வகுப்பாசிரியர்.
"தேப்பன் இல்லாத பொடியன்,
மாடு சாய்க்கப் போயிருப்பான்" என்றார் இன்னொருவர்.

எனக்குத் தந்த படிவத்தில்
காரணத்துக்கு ஆறு பெட்டிகள்:
நோய், தூரம், வறுமை, வேலை, இளவயதுத் திருமணம், ஏனையவை.
ஒன்றில் சரி போட்டால் போதும்.
முல்லைத்தீவுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போய்
கோபிதன் ஒரு வீதமாகிவிடுவான்.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே ஏழு கிலோமீற்றர்.
கிரவல் தெரு. ஸ்கூட்டியின் முன்சில்லு
ஒவ்வொரு பள்ளத்திடமும் கேட்டுத்தான் இறங்கும்.
வாய்க்கால் தாண்டி, யானைவேலி தாண்டி,
வீட்டுத்திட்டத்து வீடுகள்.
பூசாத சுவரில் கரியால் எழுதிய இலக்கம்.

தகரப் படலையைத் தட்ட முன்னமே குரல் வந்தது:
"அம்மா இல்லை."
பிறகுதான் பொடியன் வந்தான்.
பள்ளிக்கூடக் காற்சட்டை, மேலே பெனியன்.
"வவுனியாவுக்குப் போட்டா. எப்ப வருவாவோ தெரியாது.
போனும் கொண்டுபோகேல்லை."
ஒரு சொல் தடுமாறவில்லை.
வகுப்பில் பாட்டு ஒப்புவிக்கையில்
ஒருநாளும் இப்படி வந்திராது அவனுக்கு.

குசினிப் பக்கம் யாரோ இருமினார்கள்.
பாதி இருமலைக் கையால் பொத்தினார்கள்.
முற்றத்துக் கோழி
அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் என்னை நானே பார்த்தேன்.
கையில் கோப்பு, கழுத்தில் அட்டை, கறுப்புத் தலைக்கவசம்.
கிழமைக் காசு தண்ட வருகிறவர்களுக்கும்
இதே கோப்பு, இதே அட்டை,
இதே செவ்வாய்.

"நான் லோன் ஆள் இல்லையடா."
"அவையளும் முதல் அப்பிடித்தான் சொல்லுவினம்."

தலைக்கவசத்தைக் கழற்றி நிலத்தில் வைத்தேன்.
கோழி வந்து உள்ளே எட்டிப்பார்த்தது.
"கணக்குக் கொப்பி எங்க?" என்றேன்.
காசு கேட்கிறவர்கள்
அதைக் கேட்கமாட்டார்கள் போலும்.
உள்ளே ஓடி எடுத்துவந்தான்.
திகதி மட்டும் எழுதி, கீழே கோடிட்டு,
வெறுமையாய் விட்ட பக்கங்கள்,
யாரிடமாவது பார்த்து எழுதவென்று.
செவ்வாயில் கணிதம் இரண்டு பாடவேளை.

தாய் வெளியே வரவில்லை.
நானும் கூப்பிடவில்லை.
மகன் சொன்ன பொய்யைத் தவிர
பூட்டக்கூடிய கதவு
அந்த வீட்டில் வேறு இருக்கவில்லை.

திரும்புகையில் எதிரே இரண்டு மோட்டார்சைக்கிள்.
ஒதுங்கி வழிவிட்டேன்.
அவர்கள் எனக்குத் தலையசைத்தார்கள்,
தங்களில் ஒருத்தியென்று நினைத்து.

படிவம். ஆறு பெட்டிகள்.
'ஏனையவை'க்கு எதிரே விரலகல இடம்.
'வாசல் காவல்' என்று எழுதினேன்.
வெட்டினேன்.
'காய்ச்சல்' என்று எழுதினேன்.

அதிபரிடம் ஒன்று கேட்டேன்:
தவணைப் பரீட்சையில் கணிதத்தை
வியாழனுக்கு மாற்றலாமா?
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். ஏன்?
"செவ்வாயோ வெறுவாயோ எண்டு சொல்லுவினம், சேர்."
"படிச்ச பிள்ளை நீர்" என்று சிரித்தார்.
ஆனாலும் மாற்றினார்.
அவர் வீட்டிலும் செவ்வாயில்
ஒன்றும் தொடங்குவதில்லையாம்.

வியாழன் கோபிதன் வந்தான்.
முப்பத்தொரு புள்ளி எடுத்தான்.
சித்திக்கு முப்பத்தைந்து வேணும்.
அடுத்த செவ்வாய் மறுபடியும் பூச்சியம்.

அதற்கடுத்த செவ்வாய்
கோப்பை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.
மழை பெய்து பள்ளமெல்லாம் ஒரே உயரம்.
அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான்
படலையில் கைவைத்தேன்.

"அம்மா இல்லை."

கொஞ்சம் பொறுத்து,
"மிஸ் எண்டால் வாங்கோ."